ஜெரோமின் முதல் வலை

கொள்ளிடத்து ஈரமணலில் வெயில் ஏறும்போது ஒரு வாசனை வரும். பாசி, நாணல், மீன் எல்லாம் கலந்தது. ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், வேலைக்குப் போன புதிதில்தான் அதைக் கிட்டத்தில் போய் முகர்ந்தேன். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய குடும்பம் எங்களுடையது. எனக்கு என்னவோ பிடித்துவிட்டது...

அப்போது திருச்சியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். அவள் வீடு கொள்ளிடக்கரையில், மீன்பிடிக்கும் குடும்பங்கள் இருக்கும் தெருவில். அங்கே ஆற்று வளைவில் ஒரு மடு உண்டு. கோடையில் ஆறு முழுக்க மணலாகக் கிடந்தாலும் அந்தப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். மீனெல்லாம் அதில்தான் வந்து ஒதுங்கும்.

வலையைப் போட்டால் அள்ளிவிடலாம். போட மாட்டார்கள். அணை திறந்து புதுத்தண்ணீர் வந்து, மடுவோடு கலந்து, கலங்கல் தெளிந்த பிறகுதான் வலை. அதுவரை குழம்புக்கு வேண்டுமென்றால் மார்க்கெட்டில் போய் மீன் வாங்குவார்கள்... மீன்காரர்களே!

"யாருடி காவல் காக்குறா?" என்று கேட்டேன்.

"காவல் எதுக்கு? எல்லார் வீட்டு வாசலும் ஆத்தைப் பாத்துதானே இருக்கு," என்றாள் ஸ்டெல்லா.

மடு திறக்கும் நாளில் முதல் வலை வீசும் உரிமை, தெருவில் கடைசியாகக் கல்யாணமான மாப்பிள்ளைக்கு. அந்த வருஷம் அது ஸ்டெல்லாவின் அண்ணன் ஜெரோமுக்கு. கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைக்கூட அவர் அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டார். அந்த வலையை அப்படித் தடவித் தடவிப் பார்த்தார்.

ஆற்றில் செந்தண்ணீர் வந்து தெளிந்தும்விட்டது என்று ஸ்டெல்லா சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை நானும் கிளம்பிவிட்டேன். "ஃப்ரெண்டாத்துல விசேஷம்" என்று வீட்டில் பாதி உண்மையைச் சொன்னேன். அம்மா தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

கரையில் திருவிழாக் கூட்டம். ஜெரோமின் மனைவி ரீட்டாவுக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம். சோளமும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அவள் அப்பா வேன் பிடித்து உறவு ஜனத்தையே கூட்டி வந்திருந்தார். "எங்க மாப்பிள்ளைதான் முதல் வலை வீசப்போறாரு," என்று போகிற வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓரத்தில் ஒரு பெரிய அண்டா. அதில் ஆற்றுத்தண்ணீர். முதல் வலை மீனைப் போடவாம். தின்னப்போகிற மீனை எதற்குத் தண்ணீரில் போடுகிறார்கள்? ஸ்டெல்லாவின் அம்மாவிடமே கேட்டேன்.

"முதல் வலை மீனை வயித்தை அமுக்கிப் பாப்போம் பாப்பா. புதுத்தண்ணி வந்ததுமே மீன் முட்டை போட்டுடும். அப்படியும் வயித்துல சினை இருந்தா விட்டுடணும். அதுக்குத்தான்."

"எப்பவாவது இருந்திருக்காம்மா?"

"நான் வாக்கப்பட்டு வந்து இதுவரைக்கும் இல்ல."

இல்லாத ஒன்றுக்கு எதற்கு வருஷா வருஷம் அண்டாவைச் சுமக்கிறார்கள் என்று எனக்குக் குழப்பம். சாஸ்திரத்துக்குச் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெரோம் சிலுவை போட்டுக்கொண்டு வலையை வீசினார். பூ மாதிரி விரிந்து விழுந்தது. இழுத்தால்... கெண்டையும் கெளுத்தியுமாக வலை கொள்ளாத மீன். அண்டாவில் கொட்டினார்கள். ஒரே விசில்.

ஸ்டெல்லாவின் அம்மா ஒரு கெண்டையை எடுத்து வயிற்றை மெல்ல அமுக்கினார். மஞ்சளாக, கசகசா மாதிரி, சினை வழிந்தது. இன்னொன்று. அதிலும் சினை. விசில் நின்றுவிட்டது.

அப்புறம்தான் புரிந்தது. வந்தது புதுத்தண்ணீரே இல்லை. எங்கோ பெய்த கோடை மழை ஓடை வழியாக வந்து, புதுத்தண்ணீர் மாதிரியே சிவந்து, தெளிந்து, தெருவையே ஏமாற்றியிருக்கிறது. மீன் ஏமாறவில்லை.

விட்டுவிட வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஜெரோம் அசையவில்லை. ஸ்டெல்லா காதில் சொன்னாள்: "அடுத்த மாசமே இங்க இன்னொரு கல்யாணம் இருக்குடி. இன்னைக்கு விட்டா அண்ணனுக்கு முதல் வலை போச்சு."

மாமனார் குரலைத் தாழ்த்தி, "சனமெல்லாம் வந்திருக்கு மாப்ள... இந்த ஒரு வலையை மட்டும் எடுத்துக்கிட்டு மடுவை மூடிடலாமே," என்றார்.

முதல் வலை வீசியவர்தான் திருப்பி விட வேண்டுமாம். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

ரீட்டாதான் பேசினாள். "அப்பா, விதைக்குன்னு கட்டிவச்ச சோளத்தை, விருந்தாளி வந்தா நீங்க அவிழ்ப்பீங்களா?"

ரீட்டா அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். கொஞ்சம் பொறுத்து ஜெரோம் மறு காதைப் பிடித்தார். இரண்டு பேருமாக மடுவில் சாய்த்தார்கள்.

அன்றைக்கு வேன் ஜனம் முழுக்கக் கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டது. "உன் கண்ணுதான்டி பட்டுடுச்சு!" என்று ஸ்டெல்லா என்னை ஓட்டியெடுத்தாள்.

நிஜப் புதுத்தண்ணீர் ஆவணியில் வந்தது. முதல் வலையை வேறொரு மாப்பிள்ளை வீசினார். ஜெரோமுக்கு அது அப்புறம் கிடைக்கவே இல்லை.

இப்போதெல்லாம் அணையில் எவ்வளவு திறந்தார்கள், எப்போது வந்து சேரும் என்பதெல்லாம் அந்தத் தெருவின் வாட்ஸ்அப் குரூப்பிலேயே வந்துவிடுகிறது. செந்தண்ணீரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டியதில்லை. ஆனாலும் முதல் வலை மீனின் வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார்கள். பார்ப்பது ரீட்டா.

போன வாரம் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டபோது ஜெரோம்தான் எடுத்தார். ரொம்ப நாளாக உள்ளே கிடந்ததைக் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு விட்டது இப்பவும் வருத்தமா இருக்காண்ணா?"

"இருக்காதா பின்ன?" என்றார். "மாமனார் இன்னமும் சொல்லிக் காட்டுறாரு. அவர் தட்டுல நான் வைக்கிற மீனெல்லாம் அன்னைக்கு விட்டதோட வம்சம்மா. அதையும் தின்னுக்கிட்டேதான் சொல்லிக் காட்டுறாரு."