ஓடாட்டித் தள்ளுவம்

தொண்ணூறுகளில் நான் லண்டனில் ஆராய்ச்சி மாணவி. மழை குறைந்த, உறைபனி விழும் நிலத்திலும் பிழைக்கும் கடுகுச் செடியை வளர்த்தெடுத்து, அதன் எண்ணெயில் டீசல் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். செடி பிழைத்துவிட்டது. ஆனால் சோதித்துப் பார்க்க ஒருவரும் வண்டி தரவில்லை.

டூட்டிங் பகுதியில் நான் காய்கறி வாங்கும் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். சரக்கு ஏற்ற அவரிடம் இருந்ததே ஒரு பழைய வேன்தான். ஒருநாள் அவரிடம் புலம்பினேன்.

“என்ர வேனுக்கு ஊத்துங்கோ, தங்கச்சி.”

“எஞ்சின் கெட்டுப்போனா உங்க பொழப்பு என்ன ஆகும் அண்ணா?”

“ஊரில சண்டைக்குள்ள டீசல் இல்லை. பிள்ளைப்பேறுக்கு மனுசியைச் சைக்கிளில இருத்தி ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனனான். இது ஓடாட்டித் தள்ளுவம். எனக்குப் பழக்கம்தானே!” என்று சிரித்தார்.

உறைபனி விழுந்த ஒரு காலையில் என் எண்ணெயை டீசலோடு கலந்து ஊற்றினோம். அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. மறுபடியும் அப்படியே. அவருடைய பிழைப்பையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது கல்லாவில் இருந்த அவர் மனைவி வெளியே வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேனின் பின்னால் கை வைத்தார்.

“அண்டைக்கு இவர் தள்ளினவர். இண்டைக்கு என்ர முறை. நீங்களும் வாங்கோ, பிள்ளை.”

இருவரும் தள்ளினோம். தெருமுனையில் வேன் உறுமிப் புகை விட்டது. தெருவெல்லாம் கடுகெண்ணெய் வாசம்.

இன்றும் குளிரில் என் கார் கிளம்ப மறுத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. பின்னால் அந்த அக்கா கை வைத்து நிற்பதாகவே தோன்றும்.