பனியில் கம்பி குத்தும் மார்னி

எங்களை இறக்கிவிட்ட ஹெலிகாப்டர் பள்ளத்தாக்கில் மறைவதற்குள் மார்னி ஹல்விக் வேலையைத் தொடங்கிவிடுவார். இரண்டு ஆள் உயரமுள்ள மெல்லிய கம்பியைப் பனியில் அடிக்கொருமுறை குத்திப் பார்ப்பார். கம்பி தடையில்லாமல் சறுக்கிக்கொண்டு போனால் அடியில் பிளவு. போகாத இடத்தைச் சுற்றி மூங்கில் குச்சியில் சிவப்புக் கொடி நட்டுவிட்டு, வந்தவர்களைக் கூப்பிடுவார்.

“இதுதான் உங்க வீடு. ஒண்ணுக்குப் போறதா இருந்தாலும் இதுக்குள்ளதான். வெக்கப்பட்டு அந்தப் பக்கம் போனவங்கள கயித்த விட்டு இழுத்திருக்கேன்.”

வயது ஐம்பத்திரண்டு. கனடாவின் கோல்டன் ஊரிலிருந்து பனியாறுகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ச் சிகரம் ஏற்றி இறக்குவது தொழில். பதினோரு கோடையாக அவருடைய கூடாரத்தில் சமையல் நான்தான். நான் சுடும் பான்கேக்கை அவர் ஒருநாளும் சூடாகத் தின்றதில்லை. கடலை வெண்ணெய் தடவி, மடித்துப் பையில் போட்டு, அது கல்லான பிறகுதான் கடிப்பார். எந்தப் பாறைக்கும் அசராதவர், ஹெலிகாப்டரில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கேட்டால், “மலைய நான் பாத்துக்குவேன். இந்தப் பம்பரத்த யாரு பாத்துக்கறது?” என்பார்.

பணம் கட்டும்போதே எல்லோரிடமும் ஒன்று சொல்லிவிடுவார். “திரும்பற நாள்னு நான் சொல்றது சும்மா பேச்சுக்கு. மேகம் விட்டாத்தான் ஹெலிகாப்டர் வரும். அந்த நாளுக்கப்புறம் மூணு நாளைக்கு ஒரு வேலையும் வெச்சுக்காதீங்க.”

போன ஜூலையில் தனியாக வந்த கார்டன் தீசன் இரண்டு நாள்தான் விட்டுவைத்திருந்தார். புதன்கிழமை திரும்ப வேண்டும்; வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கீழே ஊரில் மகளுக்குக் கல்யாணம். வெள்ளி மதியமும் மேகம் முகாம்மேல் படுத்துக் கிடந்தது. ‘கீழ்த்திட்டில் மேகம் இல்லை, அங்கே இறங்கிவந்தால் ஏற்றிக்கொள்கிறேன்’ என்று விமானி ரேடியோவில் சொன்னான். இரண்டு மணி நேர நடை. தீசன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

மார்னி கொடியைத் தாண்டிக் காலை வைத்துப் பார்த்தார். முழங்கால் வரை இறங்கியது.

“பிளவுமேல இருக்கற பனியெல்லாம் இப்ப கஞ்சியா இருக்கும், கார்டன். ராத்திரி உறையட்டும், விடிஞ்சதும் போலாம்.”

“விடிஞ்சு போய் நான் யாருக்குக் கல்யாணம் பண்ணி வெக்கறது? பயமா இருந்தா தள்ளுங்க, நான் முன்னாடி போறேன்.”

“போகமாட்டீங்க.”

“உங்களுக்குப் பொண்ணு இருக்கா?”

“இல்ல.”

“அதான்.”

மார்னி கொடிப் பக்கம் திரும்பி நடந்தார். ஒரு மணிக்கு, இரண்டுக்கு, மூன்றுக்கு என்று போய்ப் போய்க் காலை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கால் இறங்கியது. நாலு மணிக்குமேல் போய்ப் பார்க்கவில்லை. ஆறு மணிக்குத் தீசன் ஊர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். நான் கொண்டுபோன சூப் அவர் கையிலேயே ஆறியது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது மார்னிமேல் ஆத்திரமாகத்தான் இருந்தது.

விடிவதற்குள் பனி கெட்டிப்பட்டுவிட்டது. மேகத்துக்குள்ளேயே இறங்கினோம், மார்னி முன்னால், தீசன் நடுவில், நான் கடைசியில். “இத நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்” என்றார் தீசன். “சரி” என்றார் மார்னி.

பாதி வழியில் மார்னி சட்டென்று இடப்பக்கம் திரும்பி, நீளமாகச் சுற்றிக்கொண்டு போனார். தீசன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவருடைய காலடியையே பார்த்து நடந்தார். காரணம் எனக்குத்தான் தெரிந்தது. வலப்பக்கம், அந்த வாரத் தொடக்கத்தில் கீழ்த்திட்டுக்குப் போய்வந்தபோது நாங்கள் பதித்த காலடிகள் வரிசையாகப் போய் ஒரு விளிம்பில் நின்றுவிட்டன. அப்புறம், பிளவுமேல் இருந்த பனி இடிந்துபோய், ஒரு லாரி விழுகிற அகலத்துக்குப் பள்ளம். அந்தக் கரையில் மறுபடி காலடிகள். முந்தின நாள் மதியம் நடந்திருந்தால் அந்தப் பாதையில்தான் நடந்திருப்போம், தீசன் முன்னால்.

அவர் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. கூப்பிட வாயைத் திறந்தேன். மார்னி திரும்பி என்னைப் பார்த்து, கையுறைக்குள் இருந்த விரலை உதட்டில் வைத்தார்.