அவள் உளறலில் நான் அடித்த வரி

என் பெயரில் வந்து, நீங்கள் பாராட்டிய அந்த ஒரே கதை என்னுடையது அல்ல. காய்ச்சலில் கிடந்த என் மனைவி சரசு உளறியதை, அவளுக்குத் தெரியாமல் எழுதி எடுத்து அச்சுக்குக் கொடுத்தேன்.

திருட்டு என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம்... ஆனால் அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை. மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே சொல்லும் நனவோடைக் கதை ஒன்றாவது எழுதிவிட வேண்டும் என்று பித்துப்பிடித்து அலைந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? வழக்கம்போல் ஒரு கதை எழுதி, முற்றுப்புள்ளிகளை எல்லாம் அடித்துவிடுவேன். உள்ளூர்ச் சிற்றிதழின் ஆசிரியர் பொறுமையாகத் திருப்பிக் கொடுப்பார்.

“ஏனுங்க, புள்ளிய எடுத்துப்போட்டா மனசு ஓடிருமுங்களா? உங்க ஆளு நெனைக்கறதெல்லாம் மேடைப்பேச்சாட்ட வரிசையா இருக்குதுங்க” என்றார் ஒருமுறை.

வீட்டில் மட்டும் எனக்கு மதிப்பு இருந்தது. எதை எழுதினாலும் முதலில் சரசுவிடம்தான் கொடுப்பேன். படித்துவிட்டு, “நல்லா இருக்குதுங்க” என்பாள். ஏழு வருடம் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எழுதினேன்.

அவளுக்கு டைபாய்டு வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்தாள்.

“அடுப்புல பால் வெச்சனே... வால்பாறை பஸ்ஸு வளைவுக்கு வளைவு குமட்டுது... அப்பன் எலுமிச்சங்காய் குடுத்தாரு... மோந்து பாரு கண்ணுன்னாரு... எஸ்டேட்டுக்குச் சோறு கொண்டு போகோணும், தூக்குப்போசிய காணம்... கதைய நீட்டறாரு... நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போடு சரசு... இல்லீனா ரெண்டு நாளைக்குச் சோறு உங்கமாட்டாரு... பால் பொங்குது...”

பேனாவை எடுத்தேன். துணி காய்ந்துபோனதைக்கூடக் கவனிக்கவில்லை.

எங்கெங்கோ தாவினாள். ஆனால் எங்கே போனாலும் அந்த ஒரே இடத்துக்குத் திரும்பினாள். ‘நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போடு...’ மனம் கண்டபடி ஓடுவதில்லை, வலிக்கிற இடத்தைச் சுற்றியே ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு வலித்த இடம் என் கதைகள்!

கோபம் வந்தது. காய்ச்சலில் கிடப்பவள் மேலா என்று கேட்காதீர்கள். வந்தது. ஏழு வருடம் என் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லியிருக்கிறாள். ஊரே கைவிட்டபோதும் இவள் இருக்கிறாள் என்று நினைத்தேனே... குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல அவள் எனக்குப் பொய்யை ஊட்டியிருக்கிறாள். நான் துரோகம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வரியை, வந்த இடத்திலெல்லாம் அடித்தேன். மற்றதை அப்படியே கொடுத்தேன். பழிவாங்கினேனா, பெயருக்கு ஆசைப்பட்டேனா... இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கதை வந்தது. நீங்கள் கடிதம் எழுதினீர்கள். ‘அந்தப் பெண்ணின் மனம் எதையோ சுற்றிச் சுற்றி வருகிறது, ஆனால் அது என்னவென்று கடைசிவரை சொல்லவே இல்லை. அதுதான் உங்கள் வெற்றி’ என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

சரசுவும் படித்தாள். அவள் அப்பன், அவள் எலுமிச்சங்காய், அவள் தூக்குப்போசி. என்னிடம் ஒருநாளும் சொல்லாதவை. படித்து முடித்து இதழை மூடி வைத்தாள்.

“நல்லா இருக்குதுங்க” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் மறுபடி காய்ச்சல். அவிநாசியிலிருந்து தங்கை கோமதியை வரச்சொன்னாள். “நீங்க ஆபீசுக்குப் போங்க, அவ பாத்துக்குவா” என்று என்னிடம் சொன்னாள். நான் போகவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே சத்தமே இல்லை.

மத்தியானம் கோமதி வெளியே வந்தாள்.

“மாமா, அக்கா துண்டு முனைய வாயில கடிச்சுக்கிட்டே கெடக்குதுங்க. எடுத்துப்போட்டா மறுபடி வெச்சுக்குது. எதுக்குன்னே தெரியலீங்க.”

எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.