பாட்டுக்கல்லுக்குச் சிமெண்டு

உனக்கு வேறு வேலையே கிடையாதா? ஊரில் எத்தனையோ பேர் என்னென்னவோ கட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, நான் கெடுத்த காரியம்தான் உனக்குத் தெரிய வேண்டுமாம். கேட்டுத் தொலை. நடுவில் உச்சுக் கொட்டினால் எழுந்து போய்விடுவேன்.

என் வீட்டுக்காரர் கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர். மாசி, பங்குனி வந்தால் வீட்டில் இருக்க மாட்டார். எனக்கும் ஒரு ஆள் சமையல் மிச்சம். ஒரு வருஷம் தொப்பூர் இறக்கத்தில் வண்டி சாய்ந்து அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடியது, விரல்களுக்குப் பழைய வேகம் வரவில்லை. கூத்து வாத்தியார் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போக ஆரம்பித்தார். முனியப்பன் கோயில் இருக்கிற சரிவில் சில கற்கள் கிடந்தன. தட்டினால் வெண்கலப் பானை மாதிரி ஒலிக்கும். ஒன்றுக்குக் கனத்த குரல், ஒன்றுக்குக் கீச்சுக் குரல். அதைக் கண்டுபிடித்த அன்று மனுஷன் சோறு தின்னவில்லை. அடுப்புக்கரியை எடுத்து வாசலில் படம் போட்டார். சரிவின் நடுவில் இருக்கிற தட்டைப் பாறைதான் மேடை. அதைச் சுற்றி அரைவட்டமாக ஏழு கற்கள். பாறைமேல் கூத்து நடக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்களே கல்லைத் தட்டித் தாளம் போடுவார்கள். மிருதங்கக்காரனே தேவையில்லை.

புளியங்கொட்டைகளை ஜனங்களாக வைத்துக் காட்டினார். ஒரு கொட்டையை மட்டும் தூரமாகத் தள்ளி வைத்தார். அது யார் என்று கேட்டேன்.

“நீதான். உனக்குத் தாளம் வராது.”

இரண்டு மாசம் மாடு கட்டி இழுத்து, கடப்பாரையால் நெம்பி, ஏழு கல்லையும் கொண்டு வந்து சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் வைக்கோல் பிரிமணை இரண்டு. பானைக்கு வைப்போமே, அதேதான். உட்கார்ந்து தட்டிப் பார்ப்பார், பிரிமணையை ஒரு விரல் தள்ளுவார், மறுபடி தட்டுவார்.

அந்தச் சரிவு முழுக்கக் காட்டிலாகா தைலமரம் வைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. இவர் தருமபுரிக்கு நடையாய் நடந்து ரேஞ்சர் காலைப் பிடித்தார். வந்து பார்க்கிறேன், நன்றாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அவரை அழைத்துவர இவர் முதல் நாளே கிளம்பிப் போய்விட்டார்.

நான் அப்போது பாலம் கட்டுகிற வேலையில் சித்தாள். கல் ஆடினால் கொத்தனார் எங்களை ஏசுகிற ஏச்சைச் சொன்னால் உனக்குக் காது புண்ணாகிவிடும். அவ்வளவு பெரிய ஆபீசர் வருகிறார், கல்லெல்லாம் பழையசோற்றுப் பானை மாதிரி வைக்கோல்மேல் ஆடிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்? வேலையில் மிஞ்சிய அரை மூட்டை சிமெண்டு வீட்டில் இருந்தது. நானும் என் ஓரகத்தியும் சுமந்து போனோம். பிரிமணைகளை உருவி எறிந்துவிட்டு, ஏழு கல்லையும் பாதி உயரத்துக்கு அணைத்துப் பூசினோம். ஈரச் சிமெண்டை அதிர விடக்கூடாது என்று தட்டிக்கூடப் பார்க்கவில்லை. தொழில் தெரிந்தவள் அல்லவா!

மறுநாள் மதியம் நான் அங்கே காத்திருக்க, இவர் ரேஞ்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தூரத்திலேயே கற்களைப் பார்த்துவிட்ட இவர் ரேஞ்சரை முந்திக்கொண்டு வந்தார். புளியங்கொம்பை எடுத்து முதல் கல்லைத் தட்டினார். டொக். அடுத்தது. டொக். ஏழாவது கல் வரைக்கும் விடாமல் தட்டினார்.

ரேஞ்சர் பொறுமையாகத்தான் கேட்டார். “இதுல பாட்டு எங்கய்யா இருக்குது?”

என் நகத்தில் சிமெண்டு காய்ந்திருந்தது. இவர் அதைப் பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

“நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க.”

ரேஞ்சர் சிரித்தார். அடுத்த மாசம் குழி எடுக்க ஆள் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். இவர் குனிந்து பூச்சைத் தடவிப் பார்த்தார்.

“எவ்ளோ சிமெண்டு போட்ட?”

“அர மூட்டைங்க.”

“நல்லாத்தான் புடிச்சிருக்குது.”

ஒரு அடி அடித்திருந்தாலும் தேவலாம். மறுநாள் நான் கடப்பாரை கொண்டுபோய்ப் பெயர்த்தேன். மூன்று கல் விரிசல் விட்டது, மிச்சம் அசையவே இல்லை. இவர் கூட வரவில்லை. அதற்குப் பிறகு சோற்றுத் தட்டின் விளிம்பில்கூட அவர் விரல் தாளம் போட்டு நான் பார்க்கவில்லை.

தைலமரத்துக்குக் குழி வெட்ட ஆள் எடுத்தபோது நானும் போனேன். கூட வெட்டிய அக்கம்பக்கத்துப் பெண்கள், அவ்வளவு பாடுபட்டும் ரேஞ்சர் ஏன் வேண்டாமென்றார் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். நான் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னேன்:

“அதையேன் கேக்கறீங்க, அந்த ரேஞ்சருக்கு ரெண்டு காதும் டமாரம். எங்க வூட்டுக்காரரு தட்டுன தட்டுல காடே பாடிச்சு, அந்தாளுக்குத்தான் ஒண்ணும் கேக்கல.”