ஐந்து மணிக்குக் கைமாறிய பிரசவம்

1. பொறாமையில் போட்ட கையெழுத்து

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவராக நான் சேர்ந்த முதல் நாள், எச்.ஆர். பெண் கேட்டாள்: "எங்களை ஏன் செலக்ட் பண்ணீங்க சார்?"

"உங்க சேவைத் தரம்" என்றேன். உண்மையான பதில், மாலதி.

மாலதி என் கிளாஸ்மேட். அங்கே ஏழு வருஷமாகச் சம்பளத்தில் இருந்தாள். ஷிஃப்ட் முடிந்து அடுத்த டாக்டரிடம் ஹேண்ட்ஓவர் கொடுத்தால் அவள் ஃபோன் அடிக்காது. வீணை கிளாஸ் போகிற ஃபோட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். நானோ சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராம்புரம் என்று மூன்று நர்சிங் ஹோம்களுக்கு விசிட்டிங் கன்சல்டன்ட். மூன்றிலும் ஒரே நேரத்தில் வலி எடுக்கும். சொந்த மகளின் பிறந்தநாள் கேக்கை ஃபோட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். மாலதியின் வீணைக்கு லைக் போட்டுவிட்டு, டிராஃபிக்கில் வயிறெரிவேன்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

2. கைராசிக்காரன்

ஸ்ரீராம்புரத்தில் என்னிடம் காட்டிக்கொண்டிருந்த கர்ப்பிணி செல்வியும் என்னைத் தேடி அங்கே வந்தாள். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் தவறிப்போயிருந்தது. இது இரண்டாவது. கூடவே மாமியார் கோவிந்தம்மா.

"டாக்டரே, உங்க கைராசிய நம்பித்தான் ரெண்டு பஸ் மாறி வர்றோம். புள்ள உங்க கையிலதான் பொறக்கணும்."

"ஆகட்டும்மா" என்று தலையாட்டினேன். ஐந்து மணிக்கு டாக்டர் மாறும் ரோஸ்டர் பற்றி மூச்சு விடவில்லை. கைராசி என்று யாராவது சொன்னால் எனக்கு வேறெதுவும் காதில் விழாது.

பிரசவ நாளில் காலையிலிருந்து நான்தான் பார்த்தேன். மாலை ஐந்துக்குக் கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருந்தது; இன்னும் இரண்டுதான் பாக்கி. சிஸ்டர் வந்தார். "சார், ஹேண்ட்ஓவர்."

"முடிச்சுட்டுப் போறேனே."

"ரெண்டு டாக்டர் ஆர்டர் குடுத்தா நாங்க யார் பேச்சக் கேக்கறது சார்?"

நியாயம்தான். அந்த மாதம் ஈவினிங் டியூட்டி மாலதிக்கு. "டேய் பாலு, இதுக்குத்தானே இங்க வந்தே? கெளம்பு" என்றாள்.

செல்வி என் சட்டைக் கையைப் பிடித்தாள். "நீங்க போறீங்களா சார்?"

"மாலதி மேடம் என்னைவிட நல்ல டாக்டர்மா."

உண்மையைச் சொல்வது அன்றைக்கு அவ்வளவு வலித்தது.

3. வெளியே ஒரு நாற்காலி

வீட்டுக்குப் போக மனசில்லை. உறவினர்கள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். கோவிந்தம்மா முறைத்தார்.

"இன்னாத்துக்கு இங்க ஒக்காந்துகினு கீற? உள்ள போய்ப் பாரு."

"என் டியூட்டி முடிஞ்சிடுச்சும்மா."

"அது புள்ளைக்குத் தெரியுமா?"

ஒன்றே கால் மணி நேரம் கழித்து அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை, இருவரும் நலம். கோவிந்தம்மா மாலதியின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மகராசி, தங்கக் கைம்மா உனக்கு!" கற்கண்டை அவள் கை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்தார். "நீயும் ஒண்ணு எடுத்துக்க. தொணைக்கு இருந்தியே."

ஒன்பது மாதம் பி.பி. பார்த்தவனுக்கு ஒரு கற்கண்டு.

மாலதியிடம் முணுமுணுத்தேன். அவள் சிரிக்கவில்லை. "உள்ள கடைசி வரைக்கும் செல்வி உன்னைத்தான்டா கேட்டா. அவ பேரே எனக்குக் கேஸ் ஷீட்டப் பாத்துதான் தெரியும். ஏழு வருஷமா எனக்கு எல்லாருமே இப்படித்தான்."

4. இப்போது

அந்த வருஷமே விலகினேன். இப்போது ஸ்ரீராம்புரத்தில் ஒரே ஒரு நர்சிங் ஹோம், இரண்டு டாக்டர்கள், ஆளுக்கு ஒரு நாள் முறை. ஐந்தாம் மாதத்திலிருந்து கர்ப்பிணிகள் எங்கள் இருவரிடமும் மாறி மாறி வருவார்கள். யார் முறையோ அவர் கையில் பிரசவம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

ஜூனியர்கள் கேட்கிறார்கள், சம்பளமா, விசிட்டிங்கா, சொந்த கிளினிக்கா என்று. உங்கள் பேஷன்ட்டுக்கு வலி எடுக்கும்போது எங்கே இல்லாமல் இருப்பதை உங்களால் தாங்க முடியும், வீட்டிலா, லேபர் வார்டிலா? அதை முடிவு செய்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். முடிவை பேஷன்ட்டிடமும் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டேன்.

இந்த வருஷம் மகள் கேக் வெட்டும்போது பக்கத்தில் நின்றேன். என் முறை இல்லாத நாள். வாயில் கேக்கோடு பார்ட்னருக்கு ஃபோன் போட்டேன்.

"அங்க எப்படி?"

"ரெண்டு நார்மல் டெலிவரி சார். மேஜை பூரா கற்கண்டு."

கேக் இனிக்கவில்லை.