தம்பி கிடந்த மணல்

கரண்ட் வந்ததும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். கருகிய திரியின் அந்த வாசனையில், தூத்துக்குடிக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே கடல்வரை கிடந்த, இன்று உப்பளமாகிவிட்ட மணல்வெளி எழுந்து வந்தது.

பல் முளைக்காத பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். அடையாளம் வைப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. நாலு மாதத் தம்பியை அப்பா அப்படித்தான் அந்த மணலில் வைத்துவிட்டு வந்தார். பெண்கள் போகக் கூடாதென்று அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளில், பக்கத்து வீட்டுச் செபமாலையக்கா தன் மகனின் பெயர் எழுதிய சிலுவையடியில் ஏற்றுவதற்கு மெழுகுவர்த்திகளோடு கிளம்பியபோது, அம்மாவும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு, அப்பாவையும் என்னையும் இழுக்காத குறையாக அழைத்துப்போனாள். காற்று மணலை மேடும் பள்ளமுமாக மாற்றிப் போட்டிருந்தது.

“எங்கன வச்சிய?” என்றாள் அம்மா.

“ஏளா, திரும்பிப் பாக்கக் கூடாதுல்லா... நான் பாக்கலியே,” என்றார் அப்பா.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு சிலுவையின் அடியிலும் சுடர். அம்மா, மெழுகு உருகி விரல்களில் வழிய, அசையாமல் நின்றாள்.

“நான் இப்ப பிள்ளை மேலயா நிக்கேன்?”

நான் மெல்ல ஒரு காலைத் தூக்கிக்கொண்டேன்.