திரைக்குள் சிவந்த பட்டை

பாலத்தின் கீழே நுழைந்ததும் ஜெயவேல் செருப்பைக் கழற்றிவிடுவார். பக்தி ஒன்றும் இல்லை. மேலே லாரி போனால் மணலின் அதிர்வு உள்ளங்காலில் தெரியவேண்டும். தெரிந்ததும் கழுத்தைச் சுருக்கிக்கொள்வார்.

ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடும் வீட்டுப் பிள்ளை. இப்போது பொறியியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளர். ஊருக்கு வெளியே ஓர் ஓடைப் பாலத்தில் கல்லூரி ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பாலத்தைத் தாங்கும் உத்தரம் அளவு மீறி வளைந்தால் அதில் ஒட்டிய பட்டை சிவக்கும். சங்கடம் என்னவென்றால், பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயில் பட்டாலும் சிவக்கும். மேலே பூசிப் பார்த்த வார்னிஷ் எதுவும் ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. போன சித்திரையில் அப்படிச் சிவந்ததை நம்பி அவர் போட்ட கூச்சலில் போக்குவரத்தே நின்றது. பாலத்துக்கு ஒரு கீறல் இல்லை. "இன்னா ஜெயவேலு, பாலம் வுழுந்துடிச்சா?" என்று டீக்கடையில் இன்னும் கேட்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் சாயப் பட்டறை வழக்கத்தைப் பாலத்துக்குக் கொண்டுவந்தார். சாயம் வெயிலில் நிற்குமா என்று பார்க்க, நூலில் பாதியைத் துணியால் மூடிக் காயவைப்பார்கள். அதேபோல் பாதிப் பட்டைகளுக்குத் திரை கட்டினார். திரைக்குள் சிவந்தால் அது வெயிலின் வேலை இல்லை. ஆனால் கட்டியது வீட்டில் கிடந்த சரிகைக் கரைப் பட்டுத்துண்டு. ஓடையில் துணி துவைக்கும் பெண்கள் சும்மா இருப்பார்களா?

போன வெள்ளிக்கிழமை மாலை திரையை விலக்கினார். சிவப்பு. தொட்டார், விரலில் குங்குமம்.

"யாரும்மா இத வச்சது?"

"நான்தான்," என்றார் துவைத்துக்கொண்டிருந்த சாவித்திரி. "பட்டு கட்டி மறைச்சி வச்சிகினு கீறீங்க, உள்ள அம்மன் இல்லாம இன்னாவாம்? எங்க வூட்டுக்காரு லாரி இது மேலதான் சார் போவுது."

"அந்த பயம்தாம்மா எனக்கும்."

ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். மஞ்சள் தெரியத் தெரிய மூச்சு வந்தது. கடைசிப் பட்டையில் குங்குமம் முழுதும் போன பிறகும் சிவப்பு போகவில்லை. துணியைத் திருப்பித் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"அழுத்தித் தேயுங்க சார், ஜல்தியா பூடும்."

செய்யாறு கம்பெனி பஸ் இந்தப் பாலம் வழியாகத் திரும்பும் நேரம். அதில்தான் அவர் மனைவி தமிழ்ச்செல்வி வருகிறாள். டீக்கடைச் சிரிப்பு காதில் ஒலித்தது. தூரத்தில் ஹாரனும் ஒலித்தது.

கரையேறி ஓடினார். தன் மொபெட்டைப் பாலத்தின் வாயில் குறுக்கே படுக்கப்போட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.